கழலைக்கு ஒரு ஜாதகம்

மிக்கேல்பட்டியில் சூசைமாணிக்கம் கத்தரி வைக்காமல் எந்தத் திராட்சைப் பந்தலிலும் கவாத்து தொடங்கியதாகச் சரித்திரம் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் கொடிகளை வருஷத்துக்கு இரண்டு தடவை வெட்டிவிடுவார்கள், அதுதான் கவாத்து. வெட்டினால்தான் துளிர்க்கும், துளிர்த்தால்தான் காய்க்கும். வெட்டுவதற்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் முதல் வெட்டு சூசைமாணிக்கத்தின் கையால் விழ வேண்டும். அவர் கைபட்ட பந்தலில் நிமிர்ந்து நடக்க முடியாது, கொத்து தலையில் இடிக்கும் என்று ஊர் நம்பியது. அவரும் நம்பினார். நம்புவதை வெளியே காட்டிக்கொள்ளக் கூச்சப்படுகிற ஆளில்லை அவர்.

கவாத்து தொடங்குகிற அன்று காலைத் திருப்பலி முடிந்ததும் மனிதர் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி புறப்படுவார். ஒவ்வொரு தோட்டமாகப் போய், முதல் கொடியில் ஒரு கிளையை வெட்டி, கத்தரியைத் தோள்துண்டில் துடைத்து, ஒரு வாய் காபி குடித்துவிட்டு அடுத்த தோட்டத்துக்கு நடப்பார். அந்தக் கத்தரியை அவர் தண்ணீரில் கழுவியதே இல்லை. கழுவினால் ராசியும் சேர்ந்து போய்விடுமாம்.

இவருக்கு மருமகளாக வந்து வாய்த்தவள் ஜெனிட்டா. திண்டுக்கல்காரி, பயிர் நோய்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள். கைராசி என்று யாராவது சொன்னால் சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி அவள் முகம் போகும். மாமனாரும் மருமகளும் சாயங்காலக் காபிக்கு உட்கார்ந்தால் சண்டைதான். ஆனால் சண்டை போட எதிராளி வர நேரமானால் இரண்டு பேருக்குமே காபி இறங்காது. மாமியார் தெரசம்மாள் தொலைக்காட்சித் தொடர் பார்ப்பதையே விட்டுவிட்டாள். வீட்டிலேயே நடக்கும்போது அதை எதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அவள் கட்சி.

வீட்டுக்குப் பின்னால் ஜெனிட்டாவுக்கென்று சின்னதாக ஒரு பந்தல் இருந்தது. விதையில்லாத ரோஸ் நிறத் திராட்சை. அவளே ஒட்டுக்கட்டி, அவளே தண்ணீர் விட்டு வளர்த்த கொடிகள். இன்னும் காய்ப்புக்கு வரவில்லை. வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை அதற்குள் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவாள். தனக்கு அதில் பாதிக் கவனிப்புக்கூடக் கிடைப்பதில்லை என்று அவள் கணவன் வியானி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வேலிக்கம்பங்கள் ஆள் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்த காலம் அது. பள்ளத்தாக்கின் தென்கோடியில் கழலை நோய் வந்து, பந்தல் பந்தலாகத் தின்று தீர்த்துவிட்டுப் போயிருந்தது. கொடியின் தண்டில் முதலில் பட்டாணி அளவுக்குக் கட்டி கிளம்பும். அப்புறம் எலுமிச்சை, அப்புறம் தேங்காய். கட்டி பெருக்கப் பெருக்கக் கொடி இளைத்துக்கொண்டே வந்து ஒருநாள் காய்ந்து நிற்கும். மருந்து கிடையாது, பிடுங்கி எரிப்பதுதான் வைத்தியம். பயந்துபோன திராட்சை விவசாயிகள் சங்கம் கூடி ஒரு விதி போட்டது. இனி எந்த ஊரில் கழலை கண்டாலும் அதைப் பரப்பிய ஆள் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஆள் ஆயுசுக்கும் எந்தப் பந்தலுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது, சொந்தப் பந்தலாக இருந்தாலும் சரி. ஆமோதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றதும் முதலில் தூக்கியவர் சூசைமாணிக்கம். முதல் கை எப்போதும் அவருடையதுதானே. அப்போது அவர் மனசில் இருந்தது பக்கத்துத் தோட்டத்துப் பெர்க்மான்ஸ். வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்.

ஆளைக் கண்டுபிடிப்பதற்குச் சங்கம் ஒரு பெட்டி வாங்கியது. அதை இயக்கும் வேலை ஜெனிட்டாவுக்குக் கிடைத்தது. குக்கர் அளவுக்கு இருக்கும் அந்தப் பெட்டி. அதிலிருந்து ஒரு ஊசி நீளும். கொடியில் குத்தி ஒரு சொட்டுச் சாற்றை எடுத்துக் கொடுத்தால், உள்ளே இருக்கிற கிருமி எங்கிருந்து வந்தது, அதன் அப்பன் யார், பாட்டன் யார் என்று வரிசையாகச் சொல்லிவிடும். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. ஊர் அதற்கு ஜாதகப்பெட்டி என்று பெயர் வைத்தது. கிறிஸ்தவ ஊரில் ஜாதகமா என்று பங்குச்சாமியார் பிரசங்கத்தில் வருத்தப்பட்டார். மறு வாரம் அவரும் ஜாதகப்பெட்டி என்றே சொன்னார்.

பெட்டி வீட்டுக்கு வந்த அன்று, அந்தக் கிருமி அப்படி என்னதான் செய்கிறது என்று தெரசம்மாள் கேட்டாள்.

"கொடியில காயம் பட்ட இடத்துல உள்ள போயிரும் அத்தை. போய், தன்னோட சமையல் குறிப்பைக் கொடிக்குள்ள எழுதி வச்சிரும். அதுக்கப்புறம் கொடி தன் வேலையை விட்டுட்டு அதுக்குச் சமைக்க ஆரம்பிச்சிரும். கட்டிங்கிறது அந்தச் சமையக்கட்டுதான். அங்க சமைக்கிறது கொடிக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது. அந்தக் கிருமிக்கு மட்டுந்தான் சாப்பாடு."

"வீட்டோட மாப்பிள்ளை மாதிரின்னு சொல்லு" என்றாள் தெரசம்மாள். அவள் தங்கை வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார்.

"அது சரி, அப்பன் பாட்டனை எப்படிக் கண்டுபிடிக்கும்?" என்று கேட்டார் சூசைமாணிக்கம். அவருக்குப் பெர்க்மான்ஸைப் பிடிக்க முடியுமா என்பதுதான் கவலை.

"ஒவ்வொரு தலைமுறைக்கும் அந்தக் கிருமி உடம்புல ஒரு மச்சம் கூடிக்கிட்டே வரும் மாமா. யாருக்கு யார் மச்சம் ஒத்துப்போகுதுன்னு பார்த்து, எந்தத் தோட்டத்துலேருந்து எந்தத் தோட்டத்துக்குப் போச்சு, எந்தக் கத்தரியில ஏறிப் போச்சுன்னு சொல்லிரும். தப்பவே முடியாது."

தப்ப முடியாது என்றது சூசைமாணிக்கத்துக்குப் பிடித்திருந்தது. காபியை ஊதி ஊதிக் குடித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் மிக்கேல்பட்டிக்குக் கழலை வந்தது. ஒரு தோட்டத்தில் இல்லை, அநேகமாக எல்லாத் தோட்டத்திலும். எல்லாவற்றிலும் முதல் கொடியில். ஜெனிட்டா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனாள். ஒவ்வொரு குத்துக்கும் நடுவே ஊசியைச் சிவக்கச் சுட்டு, ஆறவிட்டு, அப்புறம்தான் அடுத்த கொடியைத் தொட்டாள். ஒரு தடவை சுட்டு ஆறுவதற்குள் ஒரு டம்ளர் காபி குடித்துவிடலாம். அதற்கெல்லாம் சலிக்காதவள் அப்போது. பாதித் தோட்டங்கள் முடிவதற்குள்ளேயே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. முதல் கொடி என்றால் யார் கை என்று மிக்கேல்பட்டியில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து, ஆணியில் தொங்கிய கத்தரியின் மூட்டில் ஊசியை வைத்தாள். எத்தனையோ வருஷத்துப் பிசின் அதில் கெட்டியாகப் படிந்திருந்தது. பெட்டி யோசிக்கக்கூட இல்லை. திரையில் சூசைமாணிக்கத்தின் பெயரைப் போட்டு, கீழே இரண்டு பொத்தான்களைக் காட்டியது. ஒன்று 'உறுதி செய்க'. இன்னொன்று 'மூலம் தெரியவில்லை'.

வியானி அவளைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் கெஞ்சினான். அந்த இரண்டாவது பொத்தானை எதற்கு வைத்திருக்கிறார்கள், இந்த மாதிரி நேரத்துக்குத்தானே என்றான். அப்பாவுக்குப் பந்தலை விட்டால் வேறு என்ன தெரியும், வீட்டில் உட்கார வைத்தால் ஆள் படுத்துவிடுவார் என்றான். எல்லாம் ஜெனிட்டாவுக்கும் தெரியும். ஆனால் அவள் பிடிவாதக்காரி. மெய்யைத் தெரிந்துகொண்டு தெரியவில்லை என்று சொல்வது அவள் படித்த படிப்புக்கே துரோகம் என்று நினைத்தாள்.

"அறிவியல்ல மாமனார் மருமகள்லாம் கிடையாது வியானி" என்றாள். சொல்லும்போது அது நன்றாகத்தான் இருந்தது.

பொத்தானை அழுத்தினாள்.

கழலை கண்ட கொடிகளையெல்லாம் பிடுங்கி ஊருக்கு மேற்கே குவித்து எரித்தார்கள். புகை போகவே நாளாயிற்று. சூசைமாணிக்கத்தின் முகம் எல்லாத் தோட்டத்து வேலிக்கம்பங்களுக்கும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. தடை வந்த மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் அவர் தன் தோட்டத்துப் படலைத் திறந்து காலை எடுத்து வைத்தார். வேலிக்கம்பம் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், "மதிப்பிற்குரிய திரு. சூசைமாணிக்கம் அவர்களே, தாங்கள் அன்புகூர்ந்து வெளியேறுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்றது. அவர் கம்பத்தை மேலும் கீழும் பார்த்தார். "உன்னைக் குழி தோண்டி நட்டதே நான்தான் தாயி" என்று அதனிடம் சொல்லிவிட்டுக் காலை வெளியே எடுத்துக்கொண்டார். பெர்க்மான்ஸ் அடுத்த தோட்டத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன்கூடச் சிரிக்கவில்லை.

அன்று முதல் அவர் வேலிக்கு வெளியே, வண்டிப்பாதை ஓரத்துப் புங்கமரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்தபடியே உள்ளே வேலை செய்கிறவர்களை அதட்டிக்கொண்டிருப்பார். அந்த அதட்டல் இருக்கிறவரை பரவாயில்லை என்று தெரசம்மாள் சொன்னாள்.

ஜெனிட்டாவிடம் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார். கோபத்தில் கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள், பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பாள். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "அந்தப் பெட்டிக்காரம்மாகிட்டச் சொல்லு, குழம்புல உப்பு சரியா இருக்குன்னு" என்று மனைவியிடம் சொல்வார். தெரசம்மாளும் கடமை தவறாமல் திரும்பி, "உப்பு சரியா இருக்காம்" என்பாள். சாயங்காலக் காபி சத்தமில்லாமல் இறங்கியது. தெரசம்மாள் மறுபடியும் தொடர் பார்க்க ஆரம்பித்தாள்.

அடுத்த கவாத்து வந்தது. ஊருக்கு ஒரு சங்கடம். முதல் வெட்டை யார் வெட்டுவது? ஒருவரும் துணிந்து கத்தரியைத் தூக்கவில்லை. எல்லாருக்கும் புதுக் கத்தரி, எல்லாக் கத்தரிக்கும் மருந்துத் தண்ணீர், எல்லாம் ஜெனிட்டா சொல்லிக்கொடுத்தபடி தயாராக இருந்தது. ஆனால் யாராவது ஒருவர் தொடங்கி வைக்காமல் எப்படித் தொடங்குவது என்று ஆளாளுக்குப் படலருகே நின்றார்கள்.

யோசனை பெர்க்மான்ஸுக்குத்தான் தோன்றியது. காலை வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்து, ஜாதகப்பெட்டியைக் கொண்டுவந்து தன் முதல் கொடியில் ஒரு குத்து குத்திக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். நோய் இல்லை என்று பெட்டி சொல்லிவிட்டால் தைரியமாக வெட்டலாமே என்றான். ஜெனிட்டாவுக்கு அதில் தப்பு தெரியவில்லை. போனாள், குத்தினாள். பெட்டி பச்சை விளக்கு காட்டியது. சாற்றில் கிருமி இந்த அளவுக்கு மேல் இருந்தால்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். அதற்குக் கீழே இருந்தால் தெரியாது. இதுவும் அவள் படித்ததுதான். பெர்க்மான்ஸ் சிலுவை போட்டுக்கொண்டு வெட்டினான்.

அவ்வளவுதான். பெர்க்மான்ஸ் தோட்டத்தில் பெட்டி வைத்தார்களாம் என்று ஊரெல்லாம் பேச்சு. அடுத்த தோட்டத்துக்காரர் வந்தார், அதற்கடுத்தவர் வந்தார். ஒருவர் தட்டில் வெற்றிலை பாக்குகூட வைத்துக்கொண்டு வந்து நின்றார். தன்னைக் கைராசிக்காரி ஆக்குகிறார்கள் என்று ஜெனிட்டாவுக்குப் புரியாமலில்லை. முதலில் சிரிப்பு வந்தது. இது சோதனை, சடங்கு இல்லை என்று இரண்டு மூன்று பேரிடம் விளக்கினாள். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மத்தியானத்துக்குள் வந்துவிடுவீர்களா, அதற்குமேல் நேரம் நன்றாக இல்லை என்று கேட்டார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, அவளுக்கும் பிடித்திருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை இந்த ஊர் திண்டுக்கல்காரி என்றுதான் சொல்லும். மாமனார் விஷயத்துக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசவே யோசித்தவர்கள், இன்றைக்குப் படலைத் திறந்து வைத்துக்கொண்டு வாம்மா வாம்மா என்று கூப்பிட்டார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் காபி. வெயில் ஏற ஏற ஊசியைச் சுட்டு ஆறவிடுகிற நேரம் நீளமாகத் தெரிந்தது. எல்லாம் பச்சை விளக்குதானே எரிகிறது, நல்ல கொடியிலிருந்து நல்ல கொடிக்குப் போகிற ஊசியை எதற்குச் சுட வேண்டும் என்று ஒரு தோட்டத்தில் தோன்றியது. அங்கே துடைத்தாள். அடுத்த தோட்டத்திலும் துடைத்தாள். அப்புறம் அதுவே பழகிவிட்டது.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் கீழே வைக்காமல் நேராகப் பின்பக்கம் போனாள். அந்த வருஷம்தான் அவள் கொடிகளுக்கு முதல் காய்ப்புக் கவாத்து. யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, முதல் கொடியில் ஊசியை ஒரு குத்து குத்தினாள். ஊரே வைத்துக்கொள்கிறது, நமக்கும் ஒன்று இருக்கட்டுமே என்றுதான்.

பூப்பிடித்து, பிஞ்சு விட்டு, அவள் பந்தலில் ரோஸ் நிறம் லேசாக ஏற ஆரம்பித்த சமயத்தில், அந்த முதல் கொடியில் பட்டாணி அளவுக்கு ஒன்று கிளம்பியிருந்தது. ஊசி குத்திய அதே இடத்தில். ஜெனிட்டா கொஞ்சநேரம் அதை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். அந்த வாரத்துக்குள் ஊர் முழுக்கச் செய்தி வந்துவிட்டது. எல்லாத் தோட்டத்திலும், முதல் கொடியில்.

ஊர் யோசிக்கச் சிரமப்படவில்லை. சூசைமாணிக்கத்தின் வயிற்றெரிச்சல் என்றார்கள். நாள் முழுக்க வேலிக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தால் கொடி என்னத்துக்கு ஆகும் என்றார்கள். வேலியின் இடைவெளி வழியாகக் கையை விட்டு எதையோ தடவினார் என்று பார்த்தவர்கள்கூடக் கிடைத்தார்கள். வேலிக்கம்பம் கையைப் பார்க்காது, முகத்தைத்தானே பார்க்கும். இரண்டு பேர் வந்து, பெரியவரே, கொஞ்சநாள் இந்தப் பக்கம் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் நாற்காலியை மடக்கி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதட்டல் நின்றுவிட்டது. குழம்பில் உப்பு எப்படி என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஜெனிட்டா தோட்டம் தோட்டமாகப் போனாள், இந்தத் தடவை ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைச் சுட்டு. கடைசியில், ஊசியை வைக்கிற உறையின் அடியில் பஞ்சை விட்டுத் துடைத்து அதையும் பெட்டிக்குக் கொடுத்தாள். மச்சங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்தன. பெர்க்மான்ஸ் தோட்டம், அதற்கடுத்த தோட்டம், அதற்கடுத்தது. அன்றைக்கு அவள் காபி குடித்த வரிசை. கடைசியில் அவளுடைய சொந்தப் பந்தல்.

கட்டி கிளம்பாததால் எரிபடாமல் தப்பிய பெர்க்மான்ஸின் முதல் கொடிக்குள் போன வருஷமே ஒளிந்துகொண்டிருந்த கிருமி அது. சூசைமாணிக்கத்தின் கத்தரியில் வந்த வம்சம்தான். ஆகவே பெட்டி இப்போது இரண்டு பெயர்களைக் காட்டியது. வம்சத்தின் மூலம்: சூசைமாணிக்கம். இந்தப் பரவலின் மூலம்: ஜாதகப்பெட்டியின் ஊசி, இயக்கியவர் ஜெனிட்டா. எந்தப் பெயரை உறுதி செய்வது என்று மரியாதையாகக் கேட்டது.

வியானி தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான். இந்தத் தடவை அவன் கெஞ்சவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்.

"அப்பா பேரைப் போட்டாலும் பொய் இல்லையே. அவருக்கு ஏற்கனவே தடைதான். இனிமே புதுசா என்ன போகப்போகுது? உன் பேரைப் போட்டா உனக்கு வேலை போச்சு. பின்னாடி உன் பந்தல் இருக்கு. மூணு வருஷமா பொத்திப் பொத்தி வளத்திருக்க. பழுக்கிற நேரத்துல உள்ள போக முடியாது ஜெனி. ஆயுசுக்கும் முடியாது."

அவன் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அவளுக்கும் அதுதான் முதலில் தோன்றியது. அவன் சொல்வதற்கு முன்பே தோன்றியது. சாயங்காலம் வரை பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகப் பின்பக்கப் பந்தல் தெரிந்தது. கொத்துகள் வெயிலில் ரோஸ் நிறத்தில் தொங்கின. ஒன்றுகூட அவள் வாயில் போட்டுப் பார்க்கவில்லை. உள்ளறையில் மாமனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தெரசம்மாள் ஒரு டம்ளர் காபியைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். கொஞ்சநேரம் கழித்து அது ஆடை படிந்தபடியே திரும்பி வந்தது.

புதிதாக ஒன்றும் போகாது என்பதுதான் ஜெனிட்டாவுக்குப் பொறுக்கவில்லை. பந்தல் போனது அவருக்கு. அது அவர் கத்தரியால் போனது, நியாயம்தான். ஆனால் வேலிக்கு வெளியே ஒரு நாற்காலி மிச்சமிருந்தது. அதுவும் போனது அவளால். அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை பின்பக்கம் போனாள். முதல் கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டாள். மற்ற கொடிகளைச் சோதித்ததில் நோய் இல்லை. எல்லாக் கொத்தையும் ஒரு தடவை கையில் ஏந்திப் பார்த்துவிட்டு வெளியே வந்து படலைச் சாத்தினாள். அப்புறம்தான் பொத்தானை அழுத்தினாள். அழுகை வந்தது, அழுதாள்.

மறுநாள் சங்கக் கொட்டகையில் கூட்டம். சூசைமாணிக்கத்தை என்ன செய்யலாம் என்று பேசுவதற்காகக் கூடியிருந்தார்கள். ஊரைவிட்டே தள்ளி வைக்கலாமா என்கிற வரைக்கும் பேச்சு போயிருந்தது. ஜெனிட்டா எழுந்து நின்று, இந்தத் தடவை பரப்பியது தன் ஊசி என்று சொன்னாள். சுடாமல் துடைத்து மட்டும் குத்தியதை மறைக்காமல் சொன்னாள். உறுதி செய்துவிட்டேன், கம்பங்களுக்கு என் முகத்தையும் சொல்லிக் கொடுத்தாயிற்று என்றாள். பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

பெர்க்மான்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அதெப்படிம்மா உன் குத்தம் ஆகும்? வா வான்னு கூப்பிட்டது நாங்கதானே?"

"மாமாவையும் நீங்கதானே கூப்பிட்டீங்க" என்றாள் ஜெனிட்டா.

பெர்க்மான்ஸ் உட்கார்ந்துவிட்டான். விதியை மாற்றலாமா என்று யாரோ கேட்டார்கள். அதை அப்புறம் பேசுங்கள், அடுத்த ஊர்களும் இதே பெட்டியை வாங்கியிருக்கிறார்கள், அங்கே முதலில் சொல்லி அனுப்புங்கள் என்று அவள் சொன்னாள். அவளுக்கு வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. பின்வரிசையில் தெரசம்மாள் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கூட்டம் கலைவதற்குள் எழுந்து வீட்டுக்குப் போனாள். என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ தெரியாது. அன்று சாயங்காலம் காபி டம்ளர் காலியாகத் திரும்பி வந்தது. ஆனால் ஜெனிட்டாவிடம் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் சூசைமாணிக்கம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனார். இரண்டு வாரம் கழித்து, வீட்டிலேயே உட்கார்ந்து பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால் ஜெனிட்டாவும் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்குப் பின்பக்கப் பந்தலில் வியானி அறுப்பு வைத்திருந்தான். அந்தப் பந்தலின் பக்கவேலியும் அதே வண்டிப்பாதையில்தான் வந்து முட்டும். மாமனாரிடமிருந்து நாலு அடி தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வியானி முதல் கொத்தைக் காம்போடு இழுத்தான்.

"இழுக்காதே, வெட்டு" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள்.

வியானி திடுக்கிட்டுக் கத்தரியைத் தேடினான். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வேலிக்கு உள்ளே பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மரத்தின் நிழல் விழுந்திருக்கிற இடத்தைப் பார்த்தார். அப்புறம் அவள் பக்கம் திரும்பினார்.

"பத்து மணிக்கு மேல அங்க வெயில் வந்துரும்மா" என்றார். "நாற்காலியை இந்தப் பக்கம் போடு."

ஜெனிட்டா எழுந்து நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.